ஒப்பாரிக்குப் பின்

துயரத்தைப் பாடுதல் எளிது. துயருற்றோரை ஒன்று சேர்த்தல் அரிது. அரபு இலக்கியத்தில் ‘ரிஸா’ எனும் இரங்கற்பா தொன்மையான துறை. தம் சகோதரர் ஸக்ருக்காகக் கன்ஸா அம்மையார் பாடியவை அத்துறையின் சிகரம். எனினும் அவை ஒருவர் பிரிவுக்கு ஒருவர் சிந்திய கண்ணீர். ஓர் ஊரே அநீதிக்கு ஆளானால் அக்கண்ணீர் எங்கே சென்று சேர வேண்டும்? டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ (2010) இவ்வினாவை எழுப்புகிறது. சாகித்திய அக்காதெமி 2012இல் பரிசளித்த இந்நாவலைப் பேரணாம்பட்டில் அமர்ந்து படிக்கையில், தோல் ஊறும் நாற்றமும் உடன்வருகிறது.

களம் திண்டுக்கல். சுண்ணாம்புக் குழியில் நின்று கைகால் வெந்துபோகும் தலித் தொழிலாளரின் கதை. ஓசேப்பு முதலானோர் தத்தம் குடிசையில் தனித்தனியே அழுதவரை முதலாளிகளுக்கு அச்சமில்லை; அழுகை சங்கமாய்த் திரண்ட பின்னரே நிலைமை மாறுகிறது. பிற்பகுதியில் இயக்க வரலாறு மிகுந்து மாந்தரை மறைப்பது குறையே. ஆயினும் இரக்கத்தோடு நின்றுவிடாதது நூலின் பெருமை.

தோல் தொழிலில் நம்மவர் பலர் முதலாளிகள். எனவே நூல் சுடுகிறதென்று சிலர் முகஞ்சுளிக்கலாம். சுடட்டும். வேர்வை உலருமுன் கூலி கொடுக்கக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். ‘ஸப்ர்’ என்பதற்கு அநீதியைப் பொறுத்துக் கிடத்தல் என்று பொருள் கொள்வது பிழை. தளராமல் தன்னைக் கட்டிநிறுத்தல் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள்.

நம் பகுதியிலும் சான்றுண்டு. பாலாறு கெட்டபோது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு, வட ஆர்க்காட்டையும் திண்டுக்கல்லையும் ஒருங்கே உள்ளடக்கி, தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 தண்டம் விதித்தது. புலம்பல் மனுவானதன் பயன் அது. ஆறு மீளவில்லை, 2025இலும் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக ஆணையிட நேர்ந்தது.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக் கிடந்த 10 தொழிலாளர் சேற்றில் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். இத்தகைய வெளியூர்த் தொழிலாளர் பெயர் நம் மஹல்லாப் பதிவேடுகளில் இருப்பதில்லை; அவர்களுக்காக அழவும் ஊரில் உறவில்லை.

துக்க வீட்டுக்கு உணவெடுத்துச் செல்வது நம் நல்வழக்கம். மூன்று நாள் கழிந்தபின், இறந்தவனின் மனைவியோடு இழப்பீட்டு அலுவலகப் படியேறுபவர் யார்? அவள் நம் தெருவினளாயினும், சேரியினளாயினும், வங்கத்தினளாயினும் உடன்செல்ல நால்வரேனும் முன்வந்தால், ‘தோல்’ நாவலை நாம் சரியாகப் படித்தவர்களாவோம்.