கூரை வேண்டாம், ரேழி வேண்டும்

பலர் கூடிப் பேசவும் வேலை செய்யவும் கணினிக்குள் ஓர் இடம் அமைப்பவர்கள் கட்டடக்கலையிடம் முதலில் கடன் வாங்குவது தோற்றத்தைத்தான்: தூண், கூரை, நீள மேசை, ஜன்னலுக்கு வெளியே ஒரு கடற்கரை. மழையே பெய்யாத ஊருக்குக் கூரை எதற்கு? 2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கடனில் உள்ள சிக்கல் சீக்கிரமே புரிந்துவிட்டது. அங்கே கேமரா, பயனரின் உருவமான அவதாரின் முதுகுக்குப் பின்னால் சற்று உயரத்தில் நிற்கும். நிஜ அளவில் கூடம் கட்டினால் அது சுவரில் முட்டும். கூரைகள் உயர்ந்தன, அறைகள் அகன்றன. பறக்கத் தெரிந்தவர்களுக்குப் படிக்கட்டு வெறும் அலங்காரம்.

உருப்படியான பாடங்கள் வேறு பக்கத்திலிருந்து வந்தன. ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய லாம்ப்டாமூ என்ற மெய்நிகர் உலகில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. புதிதாக வருபவர் நேரே கூட்டத்துக்குள் போய் விழுவதில்லை. கோட்டு மாட்டும் ஒரு சிறிய இருட்டறையில் வந்து சேர்வார். கதவைத் திறந்தால்தான் பேச்சு நடக்கும் கூடம். நம் பழைய வீடுகளில் திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழி செய்த வேலை இது. கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் சகாக்களும் 1977இல் தொகுத்த 253 வடிவமைப்பு முறைகளிலும் இந்த நுழைவு இடைவெளிக்குத் தனி இடம் உண்டு.

1993இல் ஆய்வாளர்கள் ஸ்டீவ் பென்ஃபோர்டும் லெனார்ட் ஃபாலேனும் தூரத்தையே கணக்காக்கினார்கள். என் கவனம் எவ்வளவு தொலைவு எட்டுகிறது, உங்கள் இருப்பு எவ்வளவு தொலைவு பரவுகிறது: இரண்டும் சேர்ந்தே நான் உங்களை எந்த அளவு உணர்வேன் என்பதை முடிவுசெய்யும். இந்தக் கணக்கில் மேடைக்குப் பலகையே வேண்டாம். ஏறியவரின் இருப்பு விரிந்தால் போதும், அது மேடைதான். 2020இல் பரவலான கேதர் என்ற காணொளிச் சந்திப்புத் தளத்தில் நெருங்கினால் முகமும் குரலும் வருவதும், விலகினால் மங்குவதும் இதே யோசனைதான். ஆனால் வெளியை அமைத்தால் மட்டும் போதாது, அங்கே புழங்குகிறவர்களின் பழக்கமும் முறையுமே அதை இடமாக்குகின்றன என்று 1996இல் ஆய்வாளர்கள் ஸ்டீவ் ஹாரிசனும் பால் டூரிஷும் ஒரு கட்டுரையில் எச்சரித்தார்கள். அந்தக் கட்டுரையைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன்படி நடப்பவர்கள் குறைவு.

மறுபடி செகண்ட் லைஃப். தொடக்கத்தில் அங்கே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவினால் டெலிஹப் என்ற நிலையத்தில்தான் இறங்க முடியும். மிச்ச தூரத்தைப் பறந்து கடக்க வேண்டும். ஆட்கள் கடந்துபோகும் வழியென்பதால் நிலையத்தைச் சுற்றிய நிலத்துக்குக் கிராக்கி, கடைகள் நெருக்கியடித்தன. பார்க்க அசிங்கம்தான். 2005 இறுதியில் டெலிஹப்கள் போய், நினைத்த இடத்தில் நேரே இறங்கும் வசதி வந்தது. பயனர்களுக்குச் சௌகரியம், கடைக்காரர்களுக்கு நஷ்டம். வழியில் தற்செயலாக யாரையும் பார்க்கும் வாய்ப்பும் அதோடு சுருங்கியது. சௌகரியம் கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இன்று மெய்நிகர் அலுவலகம் அமைப்பவர், இணைப்பைத் தட்டியதும் ஆளை நேரே மேசை முன் உட்காரவைக்காமல், நாலு பேர் நடமாடும் வழியில் இறக்கிவிட்டுப் பார்க்கலாம்.