குடிமையியல் பாடநூல்களின் தமிழ்: அரசின் உறுப்புகளையும் நிலைகளையும் குறிக்கும் சொற்கள் – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தமிழ்வழிக் கல்விக்கான கலைச்சொல்லாக்கம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அறிவியல் பாடங்களைச் சுற்றியே நிகழ்ந்து வந்துள்ளன. இயற்பியல், வேதியியல் ஆகியவற்றின் சொற்கள் மாணவருக்குப் புதியவை. அவற்றின் பொருளைப் பாடமே வரையறுத்துத் தருகிறது. குடிமையியலின் நிலை வேறு. அரசு, ஆட்சி, மன்றம், துறை, ஒன்றியம் என அதன் அடிப்படைச் சொற்கள் அனைத்தும் மாணவர் வீட்டிலும் தெருவிலும் செய்தித்தாளிலும் முன்பே கேட்டுப் பழகியவை. வகுப்பறைக்குள் வரும்போதே அவை ஒரு பொருளைச் சுமந்து வருகின்றன. பாடநூல் கூறும் பொருளும் மாணவர் கொண்டுவரும் பொருளும் எங்கு மாறுபடுகின்றன என்பதை நூல்கள் சுட்டாதபோது, பாடம் மனப்பாடமாக நிற்கிறது, புரிதலாக மாறுவதில்லை.

சட்டம் இயற்றல், செயற்படுத்தல், நீதி வழங்கல் என்னும் மூவகை உறுப்புகளையும், ஒன்றியம், மாநிலம், உள்ளாட்சி என்னும் மூன்று நிலைகளையும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு விளக்கும் தமிழ்ச் சொற்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. உறுப்புகள் கிடையாகப் பகுக்கப்படுவன. நிலைகள் நெடுக்காக அமைவன. இவ்விரு பகுப்புகளையும் மாணவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதற்குச் சொற்களே ஒரு காரணம் ஆகின்றன என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

2. ‘அரசு’ – ஒரு சொல், இரு பொருள்

‘அரசின் மூன்று அங்கங்கள்’ என்னும் தொடரிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. இன்றைய தமிழக வழக்கில் ‘அரசு’ என்பது பதவியிலுள்ள அமைச்சரவையையும் குறிக்கும். நாட்டின் நிலையான ஆட்சியமைப்பு முழுவதையும் குறிக்கும். தேர்தலில் தோற்ற கட்சியின் அரசு போய்விடுகிறது. ஆனால் அரசுப் பள்ளி அங்கேயே இருக்கிறது. முதற்பொருளையே இயல்பாகக் கொள்ளும் மாணவருக்கு, நீதிமன்றம் அரசின் அங்கம் என்னும் கூற்று, நீதிமன்றம் அமைச்சரவைக்கு உட்பட்டது என்று பொருள்படும். ‘அரசுக்கு எதிராக வழக்குத் தொடுக்கலாம் என்கிறீர்கள், நீதிமன்றமும் அரசின் அங்கம் என்கிறீர்கள், இது எவ்வாறு பொருந்தும்?’ என்று ஒரு மாணவர் கேட்டால், அந்த ஐயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. அது சொல்லின் பொருளை நேர்மையாகப் பின்பற்றியதால் எழும் ஐயம்.

ஈழத்து வழக்கில் பதவியிலுள்ள ஆட்சியைக் குறிக்க ‘அரசாங்கம்’ என்பது பெரிதும் வழங்குகிறது. தமிழகத்தில் அச்சொல் அருகிவருவதால் ஒரு பயனுள்ள வேறுபாடு நழுவுகிறது. எனினும் தமிழுக்கு மற்றோரிடத்தில் ஆதாயம் உண்டு. அரசமைப்பின் 12ஆம் உறுப்பில் ஒன்றிய, மாநில ஆட்சிகளையும் அவற்றின் சட்டம் இயற்றும் அவைகளையும் உள்ளாட்சி அமைப்புகளையும் ஒருசேரக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே, 1ஆம் உறுப்பில் மாநிலத்தைக் குறிக்கவும் வருகிறது. ஆங்கிலத்தில் சூழலைக் கொண்டு உணரவேண்டிய இவ்வேறுபாட்டைத் தமிழ் ‘அரசு’, ‘மாநிலம்’ என இரு சொற்களால் தெளிவாக்கிவிடுகிறது. பாடநூல்கள் இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

3. உறுப்புகளைக் குறிக்கும் சொற்கள்

3.1 அங்கம், கிளை, துறை

அங்கம் என்னும் சொல்லுக்குத் தமிழ் ஆட்சியியல் மரபில் நீண்ட வரலாறு உண்டு. திருக்குறளின் பொருட்பாலில் அரசியலை அடுத்து அங்கவியல் வைக்கப்பட்டுள்ளது. அமைச்சு, நாடு, அரண், பொருள், படை, நட்பு ஆகியவை அங்கு அரசனின் அங்கங்கள். அவை தலைவன் ஒருவனுக்குத் துணைநிற்பன. ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதற்காக அமைந்தவை அல்ல. இக்கால அதிகாரப் பிரிவினையின் உயிர்நிலையோ ஒன்றின் வரம்பை மற்றொன்று காப்பதில் உள்ளது. பழைய சொல்லைக் கையாள்வதில் தவறில்லை. உடலுக்குத் தலை இருப்பதுபோல் இவ்வங்கங்களுக்கு மேலே ஓர் ஆள் இல்லை, அரசமைப்பே உள்ளது என்பதை விளக்காமல் கையாள்வதே குறை.

அமெரிக்கப் பாடப்பொருள்களைத் தழுவி எழுதுவோர் ‘அரசின் கிளைகள்’ என்று பெயர்ப்பது இன்னும் பெரிய இடர். வங்கிக்குத் தலைமையகமும் கிளையும் உண்டு. கட்சிக்கு மாநிலக் குழுவும் கிளையும் உண்டு. தமிழில் நிறுவனத்தின் கிளை என்பது கீழ்நிலை அலுவலகம். எனவே உறுப்பைக் குறிக்கவந்த சொல் நிலையைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் மரத்தின் படிமம் தரும் பொருளைத் தமிழில் அதே மரம் தரவில்லை.

‘துறை’ என்பதன் நிலை மேலும் நுட்பமானது. ‘நீதித்துறை’ என்னும் சொல் இன்று நிலைபெற்றுவிட்டது. ஆயின் கல்வித்துறை, வருவாய்த்துறை, காவல்துறை என்பவையும் துறைகளே. இவை அனைத்தும் ஓர் அமைச்சரின் பொறுப்பில் இயங்குவன. ஒரே ஈற்றுச் சொல்லைக் கொண்ட வரிசையில் நீதித்துறையையும் காணும் மாணவர், அதற்கும் ஓர் அமைச்சர் தலைவர் என்று கருதுவது இயல்பு. அரசுப் பணிகளில் நீதி வழங்கலை ஆட்சித்துறையிலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று அரசமைப்பின் 50ஆம் உறுப்பு கூறுகிறது. அந்தப் பிரிவினையைக் கற்பிக்கும் பாடத்தின் சொல்லே பிரிவினையை மறைப்பது முரணாகும்.

3.2 மன்றம்

சட்டமன்றம், நாடாளுமன்றம், நீதிமன்றம், ஊராட்சி மன்றம், நகர்மன்றம் என ஐந்து அமைப்புகளுக்கும் பொதுவாக நிற்பது மன்றம் என்னும் சொல். ஊர்ப்பொதுவில் கூடிப் பேசுதலையும் வழக்குத் தீர்த்தலையும் ஒருங்கே உணர்த்திய பழஞ்சொல் இது. சட்டம் இயற்றுவோரும் நீதி வழங்குவோரும் வெவ்வேறு அமைப்பினராகப் பிரியாத காலத்தின் தடம் அதில் உள்ளது. இது மாணவருக்குச் சுவையாக எடுத்துரைக்கத்தக்க சொல்வரலாறு. அவ்வாறு எடுத்துரைத்தால் குழப்பம் பாடமாக மாறும்.

கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் வரும் ‘வாரியம்’ என்பதும் இத்தகையதே. ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவை குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரவையின் குழுக்கள். இன்று வீட்டுவசதி வாரியம் போன்ற பெயர்களில் அச்சொல், அரசால் அமைக்கப்படும் நிறுவனத்தைக் குறிக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு பொருளும் குடிமையியல் பாடத்தில் மற்றொரு பொருளும் கொண்ட இச்சொல்லின் பொருள்மாற்றத்தை இரு பாடங்களும் சேர்ந்தே சுட்டவேண்டும்.

மேலும், சட்டம் இயற்றும் உறுப்பிற்குப் பொதுப்பெயராகவும் மாநில அவைக்குச் சிறப்புப் பெயராகவும் ‘சட்டமன்றம்’ வழங்குகிறது. நாடாளுமன்றமும் அதே உறுப்பைச் சேர்ந்தது என்பதை மாணவர் உணரத் தவறுவதற்கு இதுவே வாயில். பொதுப்பெயராகச் ‘சட்டம் இயற்றும் உறுப்பு’ என்று விரித்துரைப்பது சற்று நீளமாயினும் தெளிவுடையது.

3.3 நிர்வாகமும் நிறைவேற்றமும்

இரண்டாம் உறுப்பிற்கு நிர்வாகத்துறை, ஆட்சித்துறை, செயலாட்சி, நிறைவேற்றுத்துறை எனப் பல பெயர்கள் வழக்கில் உள்ளன. நிர்வாகம் என்பது பள்ளிக்கும் ஆலைக்கும் கோயிலுக்கும் உரிய சொல். அதைக் கேட்கும் மாணவர் மனத்தில் அலுவலர்களே தோன்றுகின்றனர், அமைச்சரவை தோன்றுவதில்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்னும் 75ஆம் உறுப்பின் கருத்தும், மாநிலங்களைப் பொறுத்து அதனையே கூறும் 164ஆம் உறுப்பின் கருத்தும் இதனால் பிடிமானமற்றுப் போகின்றன.

இலங்கையில் வழங்கும் ‘நிறைவேற்றுத்துறை’ மூலச்சொல்லின் வினையை நேராகத் தருகிறது. ஆயினும் தமிழகத்தில் சட்டமுன்வடிவை நிறைவேற்றுவது சட்டமன்றமே. ‘சட்டம் நிறைவேறியது’ என்றால் அவை அதற்கு ஒப்புதல் தந்தது என்று பொருள். எனவே அச்சொல்லை இங்குக் கொணர்ந்தால் இயற்றும் உறுப்பும் செயற்படுத்தும் உறுப்பும் ஒன்றோடொன்று மயங்கும். ‘சட்டத்துறை’ என்பதும் இவ்வாறே. இலங்கையில் அது சட்டம் இயற்றும் உறுப்பைக் குறிக்கும், தமிழகத்தில் அது செயலகத்துத் துறைகளுள் ஒன்று. ஒரு மொழியின் இரு நாட்டு வழக்குகளுக்கிடையே சொற்கடன் பெறுவதற்கும் மொழிபெயர்ப்புக்குரிய எச்சரிக்கை தேவை என்பதற்கு இவை சான்றுகள். இருக்கின்றவற்றுள் ‘செயலாட்சி’ மயக்கம் குறைந்தது எனலாம்.

4. நிலைகளைக் குறிக்கும் சொற்கள்

இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்பது 1ஆம் உறுப்பின் கூற்று. 2021இல் தமிழ்நாடு அரசு ‘மத்திய அரசு’ என்பதற்கு மாற்றாக ‘ஒன்றிய அரசு’ என்பதைக் கைக்கொண்டபோது எழுந்த விவாதம் அரசியல் சார்ந்து நடந்தது. சொல்லியல் நோக்கில், ஒன்றியம் அரசமைப்பின் சொல்லுக்கு நெருங்கியது. மத்திய அரசு என்னும் வழக்கிற்கும் 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தில் இடமுண்டு. மையம் என்றால் விளிம்பும் உண்டு என்னும் உட்பொருளை முன்னது தவிர்க்கிறது.

ஆனால் பள்ளி ஆசிரியருக்கு வேறொரு சிக்கல் உண்டு. சிற்றூர் மாணவருக்கு ‘ஒன்றியம்’ என்றால் ஊராட்சி ஒன்றியம். ஒன்றிய அலுவலகம் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே இருப்பதுண்டு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அமைந்த கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்னும் மூன்றடுக்கில் அது நடு அடுக்கு. நாட்டின் முதல் நிலைக்கும் உள்ளாட்சியின் நடு அடுக்கிற்கும் ஒரே பெயர் அமைந்துள்ளது. இச்சொல்லைக் கைவிடவேண்டியதில்லை, முதல் வகுப்பிலேயே இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால் போதும்.

‘மாவட்ட ஆட்சித் தலைவர்’, ‘மாவட்ட ஊராட்சித் தலைவர்’ என்னும் இரு பதவிப்பெயர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு ‘ஊர்’ என்னும் சொல் மட்டுமே. முன்னவர் நியமிக்கப்படும் அலுவலர். பின்னவர் தேர்தல் வழி வருபவர். 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்து ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி அளித்த பின்னும், ‘ஆட்சித் தலைவர்’ என்னும் பெருமிதம் அலுவலரிடமே நிற்கிறது. இன்று ‘மாவட்ட ஆட்சியர்’ என்பது பரவியிருப்பது ஓரளவு ஆறுதல்.

மேல், கீழ் என்னும் உருவகமும் ஆராயத்தக்கது. நீதிமன்றங்கள் ஒரே ஏணியில் அமைந்தவை. மேல்முறையீடு என்னும் சொல் அங்குப் பொருந்துகிறது. ஆங்கும் விசாரணை நீதிமன்றங்களைக் கீழ் நீதிமன்றங்கள் என அழைப்பது தகாது என உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியுள்ளது. ஒன்றிய, மாநில உறவோ ஏணி அன்று. காவல் மாநிலப் பட்டியலிலும் இருப்புப்பாதை ஒன்றியப் பட்டியலிலும் உள்ளன. தத்தம் பட்டியலில் இரண்டும் சட்டம் இயற்றும் உரிமையுடையன. மூன்று நிலைகளையும் மாடிகளைப்போல வரைந்து காட்டும் படம் இவ்வுண்மையை மறைக்கிறது. புதுச்சேரி மாணவருக்கு இது இன்னும் கடினம். அங்குச் சட்டப்பேரவையும் முதலமைச்சரும் உண்டு. அது மாநிலம் அன்று. அதற்குரிய உயர் நீதிமன்றம் சென்னையில் உள்ளது. ‘துணைநிலை ஆளுநர்’ என்னும் பெயரோ, அவர் வேறோர் ஆளுநருக்குத் துணையானவர் என்று எண்ணவைக்கிறது.

5. ஓர் எடுத்துக்காட்டு

சொற்களைத் தனித்தனியே வரையறுப்பதைவிட ஒரு நிகழ்ச்சியில் வைத்துக் காட்டுவதே சிறந்த முறை. ஏறுதழுவல் தொடர்பான சட்ட வரலாறு அதற்கு ஏற்றது. விலங்கு வதைத் தடுப்பு ‘பொதுப் பட்டியலில்’ உள்ள பொருள். நாடாளுமன்றத்தின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முரணானது என்று மாநிலத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2014இல் செல்லாததாக்கியது. 2017 சனவரி 21 அன்று ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். 23 அன்று சட்டப்பேரவை சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அதற்கு இசைவளித்தார். 2023 மே 18 அன்று ஐவர் அமர்வு அச்சட்டம் செல்லும் என்றது. இன்று நிகழ்ச்சி நடத்த மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

மூன்று உறுப்புகளும் ஒன்றிய, மாநில நிலைகளும் இதனுள் அடங்கிவிடுகின்றன. சொற்களின் குறையும் இங்கே வெளிப்படுகிறது. ‘பொதுப் பட்டியல்’ என்பது இருவருக்கும் சம உரிமை என்று எண்ணவைக்கும். முரண் நேரின் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும் என்பதும், குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற மாநிலச் சட்டம் அம்மாநிலத்தில் மேலோங்கும் என்பதும் 254ஆம் உறுப்பின் செய்திகள். ‘அவசரச் சட்டம்’ என்பது விரைவைச் சொல்கிறது. அதைப் பிறப்பிப்பது செயலாட்சி என்பதைச் சொல்லவில்லை. அவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்தில் அது காலாவதியாகும் என்னும் வரம்பு, அவ்வேறுபாடு புரிந்த மாணவருக்கே பொருளுடையதாகும்.

6. முடிவுரை

மேற்கண்ட சொற்களுள் பெரும்பாலானவை நிலைபெற்றவை. அவற்றை மாற்றுவதைவிட அவற்றின் பொருளெல்லையைக் காட்டுவதே பாடநூலாசிரியரின் கடமை. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் கண்டதும் பணி முடிந்ததாகக் கருதலாகாது. அச்சொல் தமிழில் எவ்வெச் சொற்களின் வரிசையில் நிற்கிறது என்பதையும் நோக்கவேண்டும். நீதித்துறை என்பதில் பிழை அச்சொல்லில் இல்லை. அது வருவாய்த்துறையின் அருகில் நிற்பதில் உள்ளது.

பத்தாம் வகுப்பு மாணவர் சில ஆண்டுகளில் வாக்காளர் ஆகிறார். தெருவிளக்கு எரியாதபோது ஊராட்சிக்கும், பட்டா கிடைக்காதபோது வட்டாட்சியருக்கும், உரிமை மறுக்கப்படும்போது உயர் நீதிமன்றத்திற்கும் செல்லவேண்டும் என்று அறிவதே இப்பாடத்தின் பயன். எல்லாவற்றையும் ‘அரசு’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிக் கற்றவர், எல்லாக் குறைகளுக்கும் ஒரே வாயிலில் மனுவுடன் நிற்க நேர்கிறது. அந்த மனு உரிய இடத்தைச் சேர்வதற்குத் தெளிவான தமிழும் துணைசெய்ய வேண்டும்.