கானாவூர் விருந்தில் எழுந்த குரல்கள்

வெனிஸ் நகருக்கு எதிரே, சான் ஜார்ஜோ மஜ்ஜோரே தீவிலுள்ள பெனடிக்டின் துறவியர் மடத்தின் உணவறைக்கென 1563-இல் பாவ்லோ வெரொனேசே தீட்டி முடித்த ஓவியம் ‘கானாவூர் திருமணம்’. ஏறத்தாழப் பத்து மீட்டர் அகலமுள்ள அதனை 1797-இல் நெப்போலியனின் படையினர் வெட்டிச் சுருட்டிப் பாரிசுக்குக் கொண்டு சென்றனர். இன்றும் அது லூவர் அருங்காட்சியகத்தின் உடைமையே. ஆயினும் 2007 செப்டம்பரில் அதே உணவறையில் அதே அளவில் ஒரு நகல் நிறுவப்பட்டது.

நகல் என்றதும் நாம் வீட்டுச் சுவரில் மாட்டும் நாட்காட்டிப் படத்தை எண்ணிவிட வேண்டா. ஃபாக்டம் ஆர்ட்டே என்னும் கலைக்கூடத்தார் 2006-இல் ஸ்கேனர் கருவியை ஓவியத்தின் அருகே நிறுத்தி, அதனைத் தொடாமலேயே, பகுதி பகுதியாக வண்ணங்களைப் பதிவு செய்தனர். பிறகு வெண்பூச்சுத் தடவிய துணியில் அவற்றை அச்சிட்டு, இணைப்புகளைக் கையால் சரிசெய்தனர். இத்தனை பொறுமையோடு ஓவியத்தை உற்றுநோக்கிய கண் மனிதருள் எத்தனை பேருக்கு உண்டு என்று வியக்கிறோம்.

இந்நகலின்மீதே 2009-இல், வெனிஸ் கலைவிழாக் காலத்தில், பிரித்தானியத் திரைப்பட இயக்குநர் பீட்டர் கிரீனவே தம் வீடியோ படைப்பை ஒளிவீசிக் காட்டினார். பழைய வண்ணங்களின்மேல் ஒளி பாய்ச்சுவதில் உள்ள அச்சம் நகலில் இல்லை. ஸ்கேனர் தந்த நுண்மையால் எந்த முகத்தையும் தனியே பெயர்த்தெடுத்துச் சுவரளவு பெருக்கிக் காட்டலாம். ஒளிப்பதிவுக் கருவி வெளியே நின்று பார்ப்பது. இங்கே கலைஞர் ஓவியத்தின் உள்ளேயே நடமாடுகிறார். வீடியோ கலைக்கு வாய்த்த இப்புதிய உரிமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஓவியம் கோடுகளாக மாறி, தூண்களும் மேசைகளும் நடுவிலுள்ள இயேசுவை நோக்கி ஒழுங்குறும் இடம் நல்லதொரு மறையுரைக்கு ஈடானது.

ஆனால் கிரீனவே விருந்தினர் வாயில் உரையாடலையும் வைத்தார். உணவு, உடை, அடுத்தவரைப் பற்றிய வம்பு எனத் திருமண வீட்டுப் பேச்சு பெருகுகிறது. அவரது நகைச்சுவை நமக்கும் சிரிப்பூட்டுகிறது; திருமண வீட்டில் யார்தான் வம்பு பேசவில்லை? எனினும் இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். பெனடிக்டின் துறவியர் மௌனமாக உண்பவர்; ஒருவர் நூல் வாசிக்க ஏனையோர் செவிமடுப்பர். இவ்வோவியத்தின் நூற்றுக்கு மேற்பட்ட மாந்தருள் ஒருவரும் வாய் திறந்து பேசவில்லை என்பதை ஆய்வாளர் சுட்டிக்காட்டியுள்ளனர். அந்த அறையின் மௌனத்தையும் வெரொனேசே சேர்த்தே தீட்டியிருக்கிறார். வண்ணங்களின் நுண்வேறுபாட்டைப் பிடித்த ஸ்கேனரால் அம்மௌனத்தைப் பதிவு செய்ய இயலவில்லை. அதைக் காப்பது கலைஞரின் பொறுப்பாயிருந்தது. அவர் அதனை வெற்றிடம் என்று கருதி நிரப்பிவிட்டார்.

இயேசுவின் தலைக்கு நேர்மேலே, மாடத்தில், இறைச்சி வெட்டப்படுகிறது. கீழே இசைஞரின் மேசைமேல் ஒரு மணற்கடிகாரம் இருக்கிறது. வலப்புறத்தில் ஒரு பணியாளர் பெரிய சாடியைச் சாய்த்து இரசத்தை ஊற்றுகிறார். அது எங்கிருந்து வந்ததென்று பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியாது, பணியாளருக்கே தெரியும் என்கிறார் யோவான். காட்சி முடிந்து ஒளி அணைந்தபின் அச்சுவரின்முன் சிறிது நேரம் அமர்ந்திருப்பவர், அந்தப் பணியாளர் ஒன்றும் பேசாமல் ஊற்றிக்கொண்டிருப்பதைக் காண்பர்.