திருவண்டப்பகுதியும் வானநூற் கணக்கும்

திருவாசகத்து மூன்றாவதாகிய திருவண்டப்பகுதியைக் குறித்து இக்காலத்து மேடைகளில் ஓர் உரை பெரிதும் வழங்குகின்றது. அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேற்பட்டன என்று அடிகள் அருளியதை எடுத்துக்காட்டி, மேனாட்டார் தொலைநோக்கியாற் கண்டதை மாணிக்கவாசகர் முன்னரே கண்டுரைத்தார் என்பது அவ்வுரை. கைதட்டுப் பெறுதற்கு இது போதும், நூற்பொருளுக்குப் போதாது.

எண்ணே பெருமையாயின் அப்பெருமை நில்லாது. நம் ஞாயிறு அமைந்த பால்வீதி ஒன்றனுள்ளேயே விண்மீன்கள் 10,000 கோடிக்குக் குறையா என்பர் இன்றைய வானநூலார். எண்ணை வைத்து வழக்காடுவோர் அடிகளை அவர்பால் தோற்பித்தவராவர். ஓர் எண்ணைக் கூறியும் அதனோடு அமையாது, அதற்கும் மேல் என அடிகள் விரித்த குறிப்பையும் அவர் நோக்கிற்றிலர்.

அடிகள் கருதியது எண்ணிக்கையன்று, அளவை. போளூரிலும் ஆரணியிலும் பட்டு நெய்வார் மனையில், கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயிற்கற்றையைக் கண்டார்க்கு இஃது எளிதில் விளங்கும். தறியினருகே எழும் நுண்டுகள்கள் அக்கதிரில் மிதப்பன. கதிர் விலகின், உளவோ இலவோ என ஐயுற மறைவன. இறைவன் பெருமைமுன் அண்டங்கள் அத்துகள்களை ஒக்கும் என்பதே உவமை. போளூருக்கு மேற்கே தோன்றும் சவ்வாது மலையிற் காவலூர் வானாய்வகம் உளது. ஆண்டு 1986-இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர்த் தொலைநோக்கி காட்டுவனவும் அத்துகள்களே.

ஆற்றலைப் பற்றியும் அடிகள் வாளா இருந்திலர். ஞாயிறு நொடிதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் டன் பொருளை ஒளியாக்கி உமிழ்கின்றது. 1987-இல் பெருமகெல்லன் முகிலில் வெடித்ததாகக் காணப்பட்ட விண்மீனோ, ஞாயிறு தன் 1,000 கோடி ஆண்டு வாழ்நாள் முழுதும் உமிழும் ஆற்றலினும் நூறு மடங்கு அளவினதைச் சில நொடிகளிற் சிந்திற்று. அதிற் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகாத நியூட்ரினோத் துகள்களாய்ப் போயிற்று என்பது வியப்பினும் வியப்பு. இத்துணை ஆற்றலுடையவாயினும் அவை மாயையின் காரியம். தம்மையும் அறியா, பிறவற்றையும் அறியா. ஞாயிற்றிற் சோதியையும் தீயில் வெம்மையையும் அமைத்தவன் ஒருவன் என்று அடிகள் அடுக்கிக் கூறுமிடம் இதற்கே வந்தது. சித்தாந்தங் கற்றார் அவ்விடத்தை விட்டு எண்ணைப் பற்றுவது என்னையோ!

182 அடிகள் கொண்ட அப்பாட்டில், முதல் ஐந்தாறு அடிகளோடு நின்றுவிடுவோரே பலர். அண்டங்களைத் துகளாகக் காட்டிய அப்பெருமானே கையகத்து நெல்லிக்கனி போலத் தமக்கு எளியனாயினன் என்று அடிகள் உருகும் பிற்பகுதியை மேடைகளிற் கேட்டல் அரிதாயிற்று.