பங்கிடுவது யார்?

'தாதிமைப் பராமரிப்பின் பங்கீடு' என்னும் சொற்றொடர் இன்று மருத்துவ அறவியலாளரின் எழுத்துக்களில் நிலைபெற்றுவிட்டது. ஆளும் நேரமும் போதாமையால், நோயாளருக்கு அவசியமான பணிகளைத் தாதியர் செய்யாது விடுதலையே அது குறிக்கின்றது. சுவிற்சர்லாந்தில் மரியா ஷூபேட் குழுவினர் 2007இல் இதனை அளப்பதற்கென ஒரு வினாக்கொத்தையும் வகுத்தளித்தனர். மறைந்து கிடந்ததை வெளிக்கொணர்ந்த இம்முயற்சியை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் 'பங்கீடு' என்ற சொல்லை அப்படியே ஏற்பதற்கில்லை.

பங்கீடு இந்நாட்டு மக்கள் அறியாததன்று. அரிசிக் கூப்பன் காலத்தில் ஒருவருக்கு எவ்வளவு என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். அளவையும் விலையையும் விதித்தது அரசாங்கமே. அரிசியை அளந்து கொடுத்த கடைக்காரர் அல்லர். 1953இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது யாரை எதிர்த்து எழுவது என்பதில் மக்களுக்கு ஐயம் இருக்கவில்லை. ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் மூண்டது; அவ்வாண்டு முடியுமுன் பிரதமர் பதவி துறந்தார்.

வைத்தியசாலை விடுதியில் நிகழ்வதோ முற்றிலும் வேறு. ஊசிமருந்து கொடுத்தமை ஏட்டில் பதியப்படுவது. ஆதலால் அது தவறுவது குறைவு. அஞ்சிக் கிடப்பவருக்கு ஆறுதல் சொல்லுதல், வீடு திரும்புபவருக்கு விளக்கம் கூறுதல் போன்றவையே முதலில் கைவிடப்படுகின்றன. நோயாளி தமக்குரிய பங்கையும் அறியார்; அது மறுக்கப்பட்டதையும் அறியார். அறிந்தாலும், கண்முன் நிற்கும் தாதியையே கடிந்துகொள்வார்.

இங்கிலாந்தின் ஸ்டஃபோட் வைத்தியசாலையை எடுத்துக்கொள்வோம். 2005 முதல் 2009 வரை அங்கு நிலவிய சீர்கேடுகளை ஆராய்ந்த ரொபேட் பிரான்சிஸின் அறிக்கை 2013இல் வெளியாயிற்று. கைக்கெட்டாத தூரத்தில் தண்ணீர், அழுக்கான படுக்கையில் நெடுநேரம் விடப்பட்ட முதியோர் என்று அது கூறுவன நெஞ்சைச் சுடுபவை. தாதியரின் குறைகளை அவ்வறிக்கை மறைக்கவில்லை. ஆனால் செலவைக் குறைப்பதிலேயே கண்ணாயிருந்த நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்ததையும் அது எடுத்துக்காட்டிற்று. அளவு தீர்மானிக்கப்பட்டது கணக்கறையில். பழி விழுந்தது விடுதியில்.

நிதி எல்லையற்றதல்லவே என்பர். உண்மை, வறிய நாடுகளில் அது இன்னும் கசப்பான உண்மை. எனினும் அளவை வெளிப்படையாக விதிக்க முடியாதென்பது பொய். லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, தாதி ஒருவருக்கு நோயாளி ஒருவர் கூடுந்தோறும், சத்திரசிகிச்சை பெற்றோர் 30 நாட்களுள் மரணமடையும் வாய்ப்பு 7 சதவீதம் மிகுந்து காணப்பட்டது. கலிபோர்னியா 1999இல் இயற்றிய சட்டத்தின் கீழ், 2005 முதல் பொது விடுதிகளில் ஒரு தாதிக்கு ஐந்து நோயாளருக்கு மேல் ஒப்படைத்தல் ஆகாது.

ஆகவே, யாரை முதலில் கவனிப்பது என்று தாதிக்குப் போதிக்கும் அறவியல் அரைகுறையானதே. இத்தனை பேருக்கு ஒருவர் என விதித்தது யார், அவர் அதனை மக்கள் முன் ஒப்புக்கொள்வாரா என்ற கேள்வியையும் அது எழுப்ப வேண்டும். விடுதி வாயிலில் அவ்வளவு எழுதப்படட்டும். ஆளின்மையால் செய்யாது விடப்பட்ட பணிகள் ஏட்டில் ஏறட்டும். அதன் பின்னரே அதனைப் பங்கீடு என அழைக்கலாம். அதுவரை அதன் பெயர் பறிப்பு.