முயன்றானும் முயற்சித்தானும்

கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் நான் படித்த காலத்தில், கட்டுரையொன்றில் ‘முயற்சித்தான்’ என்று எழுதினேன். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே ‘முயன்றான்’ என எழுதினார். காரணம் கேட்டபோது, “அது கொச்சை” என்பதே விடையாயிற்று. பேராதனைக்கு வந்த பின்னரும் அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை.

இவ்வடிவத்தை மறுப்போர் கூறும் நியாயம் வலுவானதே. ‘முயல்’ என்னும் வினையிலிருந்து பிறந்த தொழிற்பெயர் ‘முயற்சி’. அப்பெயரிலிருந்து மீண்டும் ஒரு வினையை ஆக்குவது மிகை. ‘மகிழ்ச்சித்தான்’ என்றோ ‘ஆராய்ச்சித்தான்’ என்றோ எவரும் எழுதுவதில்லை. ஆயின், மகிழ்ந்தானும் ஆராய்ந்தானும் நிலைத்து நிற்க, முயன்றான் மட்டும் ஏன் வழுக்கி விழுந்தான் என்பதற்கு இவ்வாதம் விடை தரவில்லை.

மகிழ், ஆராய் என்னும் பகுதிகள் இறந்தகாலத்திலும் உருக்குலையாமல் நிற்கின்றன. லகர ஈற்று வினைகளின் நிலை வேறு. செல் ‘சென்றான்’ ஆகிறது; கல் ‘கற்றான்’ ஆகிறது; சொல் ‘சொன்னான்’ ஆகிறது. நன்னூலார் த், ட், ற், இன் என இறந்தகால இடைநிலைகளை வகுத்தார். எந்த வினை எதனை ஏற்கும் என்பதை மாணவன் வழக்கிலிருந்தே அறிகிறான். ‘நின்றான்’ என்பதை யாழ்ப்பாணத்தார் ‘நிண்டான்’ என்பர். மலையகத்தார் ‘நின்னான்’ என்போம். நாள்தோறும் காதில் விழும் சொல்லாதலின், எழுதுகையில் இருவரும் தவறுவதில்லை. ‘முயன்றான்’ என்பதோ எங்கள் வீடுகளில் ஒலிப்பதில்லை. ‘முயற்சி செய்தான்’ என்பதே எங்களுக்குத் தெரிந்தது. பெயரை மட்டும் அறிந்த பிள்ளை, சம்மதம், சம்மதித்தான் என்னும் முறையைப் பின்பற்றி வினையொன்றை ஆக்கிக்கொள்கிறது. இது கவனக்குறைவன்று, மொழியறிவின் தொழிற்பாடே.

ஆங்கிலத்திலும் இதனையொத்த நிலை உண்டு. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளுள் 98 மட்டுமே இன்றும் அவ்வாறுள்ளன என 2007இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அருகி வழங்கியவையே விரைந்து பொதுவிதிக்குள் வந்தன. ‘ஹோல்ப்’ என்பது வழக்கொழிந்து ‘ஹெல்ப்ட்’ நிலைத்தது. நம் வினை பெயரின் வழியாகப் பொதுவிதியை அடைந்தது என்பதே வேற்றுமை.

அவ்வாறாயின் வழக்கே முடிந்த முடிபு எனலாமா? பழைய செய்யுட்களில் ‘சொல்லினான்’, ‘சொற்றான்’ ஆகிய இரண்டும் உள. இன்று ‘சொன்னான்’ ஒன்றே எஞ்சியுள்ளது. எனவே மாற்றம் குற்றமன்று. எனினும், எதனை இழந்து எதனைப் பெறுகிறோம் என வினவாது வழக்கை மட்டும் துணைக்கழைப்பதும் சோம்பலே.

நான் இன்று ‘முயன்றான்’ என்றே எழுதுகிறேன். மற்றையது கொச்சை என்பதனாலன்று. பயின்றான், துயின்றான், அகன்றான் என்னும் குடும்பத்தில் அதுவும் ஒன்று. அவற்றுள் ஒன்றை அறிந்தவனுக்குப் பழந்தமிழில் ஏனையவும் எளிதில் விளங்கும். அக்குடும்பத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஐந்து நிமிடம் போதும். அதனைச் செய்யாது புள்ளியைக் குறைக்கும்போது, வீட்டில் அச்சொல்லைக் கேட்க வாய்ப்பில்லாத பிள்ளையே தண்டிக்கப்படுகிறது. திருத்துவது ஆசிரியரின் உரிமை. காரணத்தை அறிவது மாணவரின் உரிமை.