திறக்கும்போது தெரியும் அழகு

கணினியின் பாகங்களைத் தாங்கும் பெட்டியாகிய கேபினெட்டைத் தேர்ந்தெடுப்போர் கண்ணாடிப் பக்கத்தையும் வண்ண விளக்குகளையும் கண்டு மயங்குவது இயல்பே எனினும், அதன் உண்மையான வேலைப்பாடு, தூசி துடைக்கவோ பாகம் மாற்றவோ அதைத் திறக்கும் வேளையில்தான் வெளிப்படுகிறது. இன்டெல் நிறுவனம் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை, மதர்போர்டின் அளவை 305க்கு 244 மில்லிமீட்டர் என்றும், திருகுத் துளைகள் அமைய வேண்டிய இடங்களை இன்னவை என்றும் வரையறுத்ததால், ஒரு நிறுவனத்தின் பலகை வேறொரு நிறுவனத்தின் பெட்டியிலும் பொருந்தலாயிற்று. அளவு பொதுவாகிவிட்ட பின்னர், பெட்டியின் தரத்தைத் தீர்மானிப்பவை சிறு வசதிகளே.

இவ்வகை நேர்த்திக்கு, அந்த அளவுமுறைக்கு வெளியே நின்று உருவான ஓர் எடுத்துக்காட்டு, ஆப்பிள் நிறுவனம் 1999இல் வெளியிட்ட நீல வெள்ளை நிறப் பவர் மேக் ஜி3 ஆகும். அதன் பக்கச் சுவரிலுள்ள வளையத்தைப் பற்றி இழுத்தால், சுவர் முழுவதும் கதவாகச் சாய்ந்து, உட்புறத்தில் பொருத்திய மதர்போர்டுடன் மேசைமேல் படுத்துவிடும். மெமரியைச் செருகுவதற்கு இருண்ட கூண்டுக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டிய தேவையே எழாது.

ஏ.டி.எக்ஸ். பெட்டிகளில் இதே அக்கறை வேறு வடிவங்களில் தென்படுகிறது. கையைக் கீறாதபடி மடித்த தகட்டு விளிம்புகள், திருப்புளியின்றி விரலாலேயே கழற்றத்தக்க திருகுகள், கேபிள்களை மறைத்துக் கட்ட மதர்போர்டின் பின்னால் விட்ட இடைவெளி, பலகையைக் கழற்றாமலேயே பிராசஸர் கூலரை மாற்ற உதவும் பின்புறத் திறப்பு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் அடியிலுள்ள தூசி வடிகட்டி எப்பக்கம் உருவப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பின்பக்கம் உருவ வேண்டுமெனில் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்த வேண்டியிருப்பதால், பலரும் அதைச் சுத்தம் செய்யாமலே விட்டுவிடுவர். சுவீடனின் ஃபிராக்டல் டிசைன் 2014இல் வெளியிட்ட டிஃபைன் ஆர்5 பெட்டியில் அவ்வடிகட்டி முன்பக்கமாகவே வெளிவருவது, பயன்படுத்துவோரின் சோம்பலையும் கணக்கிலெடுத்த வடிவமைப்பாகும்.

காற்றோட்டத்தில் விட்டுக்கொடுத்தல் தவிர்க்க முடியாதது. வலைமுகப்பு குளிர்ச்சியைத் தரும். மூடிய முகப்போ ஓசையை அடக்கும். வெளியேறுவதைவிட மிகுதியான காற்று வடிகட்டியின் வழியே உள்ளே வருமாறு விசிறிகளை அமைத்தால், உள்ளழுத்தம் சற்று உயர்ந்து, இடுக்குகளின் வழியே தூசி நுழைவது குறையும்.

கிராபிக்ஸ் கார்டுகள் 300 மில்லிமீட்டரையும் கூலர்கள் 160 மில்லிமீட்டரையும் தாண்டும் இக்காலத்தில் உள்ளளவைச் சரிபார்ப்பது முதற்கடன். அதன்பின் கடையிலேயே பக்கத் தகட்டைக் கழற்றி மீண்டும் மாட்டிப் பார்த்தால், விலைச்சீட்டு சொல்லாத தரத்தைக் கையே சொல்லிவிடும்.